காலை ஏழு மணிக்கு நேரில் பார்க்கலாம்

அந்த வார்டின் கவுன்சிலருக்கு எழுத வராது; சொல்ல வரும். மாதம் ஒருமுறை ‘வார்டு மடல்’ என்று நாலு பக்கத்தில் ஒரு பத்திரிகை அவர் பேரில் வீடு வீடாகப் போகும். அரசு என்ன புதுத் திட்டம் கொண்டுவந்திருக்கிறது, எந்தத் தெருவில் குழாய் மாற்றப்போகிறார்கள், முதியோர் உதவித்தொகைக்கு எங்கே போய் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். செய்தி போக மிச்சமுள்ள இடத்தில் கவுன்சிலரின் படங்கள் இருக்கும். படங்கள் போக மிச்சமுள்ள இடத்தில்தான் செய்தி என்று சொல்பவர்களும் உண்டு.

அவர் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடந்தபடி சொல்லச் சொல்ல, மனைவி கணினியில் தட்டுவார். கல்யாணத்துக்கு முன்பு ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவர். தெருவே அவரை ‘டைப்பிஸ்ட் அக்கா’ என்றுதான் கூப்பிடும். ஒரு கால்புள்ளி தப்பாது. கணவர் மேடைக் குரலில் பேச ஆரம்பித்தால் அக்காவின் முகத்தில் எந்த மாற்றமும் இருக்காது. வக்கீல்களைப் பார்த்த முகம் அது.

அந்த மாதம் புது விதி ஒன்று வந்திருந்தது. வீட்டுக் குப்பையை மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். பச்சை வாளியில் ஒன்று, நீல வாளியில் இன்னொன்று. கலந்து கொடுத்தால் அபராதம்.

“எழுதிக்கோம்மா,” என்று தொண்டையைச் செருமினார் கவுன்சிலர். “அரசின் இந்த முன்னோடித் திட்டத்தை நான் இதயபூர்வமாக வரவேற்கிறேன். வாயால் சொல்வதோடு நிற்பவன் அல்ல நான். என் இல்லத்தில் நாள்தோறும், நானே, என் கைப்பட, குப்பையைப் பிரித்துக் கொடுக்கிறேன்...”

கைப்பட என்று சொல்லும்போது அவர் சமையலறை வாசலில் இருந்தார். டீயைக் குடித்து முடித்து, தேயிலைப் பையையும் பிஸ்கட் உறையையும் ஒன்றாகச் சுருட்டி, காய்கறித் தோல் நிரம்பிய வாளிக்குள் போட்டார். வாளி தளும்பியது. காலைத் தூக்கி ஒரு மிதி மிதித்து அமுக்கினார்.

தட்டச்சுச் சத்தம் நின்றது.

“என்னம்மா, நின்னுட்ட?”

“இல்லைங்க. ‘கைப்பட’வா, ‘கால்பட’வான்னு யோசிச்சேன்.”

அதற்குள் போன் அடித்துவிட்டது. யாரோ ஒருவரின் குழாயில் தண்ணீர் வரவில்லை. “ஆழ்ந்த வருத்தம் தெரிவிச்சுக்கிறேன்” என்று போனில் சொல்லிக்கொண்டே கவுன்சிலர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அக்கா திரைப் பக்கம் திரும்பினார். பிறகு, கணவர் விட்ட இடத்தில், ‘பிரித்துக் கொடுக்கிறேன்’ என்பதற்கு அடுத்து, ஒரு வரி சேர்த்தார்.

*சந்தேகம் உள்ளவர்கள் தினமும் காலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலுக்கு வந்து நேரில் பார்க்கலாம்.*

மடலை அச்சடிப்பவர் அக்காவின் தம்பி. பெரிய தெருவில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருந்தார். மாலையில் அவரிடமிருந்து போன் வந்தது.

“அக்கா, மூணாம் பக்கத்துல ஒரு வரி இருக்கு. அத்தான் பார்த்தாரா?”

“அவர் சொன்னதுக்குக் கீழதானே இருக்கு?”

“ஆமா.”

“அப்ப அச்சடி.”

“நாளைக்கு என்னைப் பிடிச்சுக் கேட்டாருன்னா?”

“என்னைக் கேக்கச் சொல்லு.”

அச்சாகி வந்த மடலைக் கவுன்சிலர் ஒன்றுக்கு இரண்டு முறை புரட்டினார். படங்களை மட்டும்தான் பார்த்தார். ஒன்றில் அவருக்குக் கண் பாதி மூடியிருந்தது. அதற்காக மைத்துனரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, விநியோகத்துக்கு அனுப்பினார்.

விதி அமலுக்கு வந்த அன்று காலை, வாயில் பல்துலக்கியும் தோளில் துண்டுமாகக் கவுன்சிலர் கதவைத் திறந்தார். வாசலில் ஜனம்.

முன் வரிசையில், வீட்டிலிருந்தே கொண்டுவந்த மடக்கு நாற்காலியில், ‘மனுக்காரர்’ உட்கார்ந்திருந்தார். தெருவிளக்கு எரியாவிட்டாலும் மனு எழுதுவார். அதிகமாக எரிந்தாலும் எழுதுவார். அவருக்குப் பக்கத்தில் முனைக்கடைத் தையற்காரம்மா, கழுத்தில் அளவு நாடாவோடு. பின்னால் வேலைக்குப் போகிறவர்கள், போகாதவர்கள், நாயைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள்.

“என்ன, தண்ணி வரலையா?” என்றார் கவுன்சிலர், நுரைக்கு நடுவே.

“தண்ணி வந்துருச்சு. நீங்கதான் இன்னும் வரலை,” என்ற மனுக்காரர், மடலின் மூன்றாம் பக்கத்தை விரித்து நீட்டினார்.

கவுன்சிலர் படித்தார். வாயிலிருந்த நுரையை அப்படியே விழுங்கினார்.

உள்ளேயிருந்து தேன் போலக் குரல் வந்தது. “என்னங்க, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. வாளியெல்லாம் வாசல்ல வச்சிட்டேன். கையுறை தரவா, இல்ல எப்பவும் போல வெறுங்கையா?”

எத்தனையோ கூட்டங்களைச் சமாளித்தவர் அவர். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, முக்காலியைப் போட்டு, உட்கார்ந்தார். பழைய வாளியில் கைவிட்டார். வெங்காயத் தோல் வந்தது. பச்சை. பால் பாக்கெட் வந்தது. நீலம். கூட்டம் மெச்சிக்கொண்டது. அடுத்து முட்டை ஓடு வந்தபோது கை அந்தரத்தில் நின்றது. அவர் அதை நீல வாளிப் பக்கம் கொண்டுபோனார்; தையற்காரம்மாவின் புருவம் நெரிந்தது. பச்சைப் பக்கம் கொண்டுவந்தார்; புருவம் இறங்கியது. பச்சையில் போட்டார். எதையும் மக்களைக் கேட்டு முடிவெடுப்பவர் என்று அவருக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது.

“சட்டைப் பொத்தான் எதுல போடறதுங்க?” என்றார் தையற்காரம்மா.

“அது அரசின் பரிசீலனையில் இருக்கு.”

அடுத்த பிடியில் பளபளவென்று ஒரு சாக்லெட் உறை. அதன் கீழே இன்னொன்று. அதற்குக் கீழே ஒரு கொத்து. சர்க்கரையைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்த மனிதர் அவர். ஜன்னலில் அக்காவின் முகம் தெரிந்தது.

“என்னங்க அது, மினுமினுன்னு?”

“மட்காத குப்பைம்மா.”

“அது தெரியுது. தின்னது யாரு?”

“விசாரிக்கச் சொல்றேன்.”

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பி அடங்குவதற்குள் வாளியின் அடி வந்துவிட்டது. அடியில் கிடந்தது போன மாத வார்டு மடல். அக்கா அதில் மீன் முள்ளைச் சுற்றிப் போட்டிருந்தார். முதல் பக்கத்தில் கவுன்சிலர் முழுப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் மட்டும் டீக்கறை.

மனுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். வாழ்நாளில் எழுதிய எந்த மனுவுக்கும் கிடைக்காத சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

“இது எதுல சேரும்? மட்குமா, மட்காதா?”

கூட்டத்தின் பின்னாலிருந்து, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, அச்சகத்துத் தம்பி குரல் கொடுத்தார்: “அத்தான், அது வழவழத் தாள். மட்காது!”

“மட்காத தலைவர்!” என்று யாரோ கத்த, கைதட்டல் எழுந்தது. அன்று மதியத்துக்குள் வார்டு முழுக்க அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

எல்லோரும் போனதும் அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“யாரு அந்த வரியை எழுதினது?”

“நான்தான்.”

“நான் சொன்னேனா அதை?”

“நீங்க பிரிக்கிறேன்னு சொன்னீங்க. நான் வந்து பார்க்கலாம்னு எழுதினேன். நீங்க சொன்னது நிஜம்னா நான் எழுதினதுல என்னங்க தப்பு?”

“மானம் கப்பலேறிடுச்சு.”

“ஏறலைங்க. கை தட்டினாங்களே.”

“மறுப்பு போடணும். இப்பவே. உக்காரு, எழுது.”

அக்கா உட்கார்ந்தார். கணினியைத் திறந்தார். கவுன்சிலர் மேசையைச் சுற்றினார். “சென்ற இதழில்...” என்றார். இன்னொரு சுற்று. “சென்ற இதழில், அச்சுப்பிழை காரணமாக...” மறுபடி சுற்று. எப்படித் திருப்பிப் போட்டாலும் ‘நான் பொய் சொன்னேன்’ என்ற இடத்தில்தான் வாக்கியம் போய் முட்டியது. கடைசியில் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

“சரி. நாளைக்கு வாளியில என்னென்ன இருக்கும்னு இப்பவே சொல்லிடு.”

“கேள்வித்தாளை வெளிய விடற பழக்கம் எனக்கு இல்லைங்க,” என்று கணினியை அணைத்தார் அக்கா.

இரண்டு நாள் அவமானமாக இருந்தது. மூன்றாம் நாள் சுமாராக இருந்தது. அதற்கப்புறம் கவுன்சிலருக்கு இது பிடித்துப்போய்விட்டது. என்ன இருந்தாலும் தினமும் கூட்டம் கூடுகிறது, தாமாகவே வருகிறார்கள், லாரி பிடிக்க வேண்டியதில்லை. ஏப்ரன் ஒன்று வாங்கினார். இடுக்கி வாங்கினார். வருகிறவர்கள் தங்கள் வீட்டில் தகராறு கிளப்பிய பொருள்களைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார்கள். உடைந்த ஃபிளாஸ்க், பல்செட், பாதி உருகிய மெழுகுவத்தி. அவர் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, தீர்ப்புச் சொல்வார். தெரியாததற்குப் பரிசீலனை என்று சொல்வதை விட்டுவிட்டு நகராட்சிக் கையேட்டைப் புரட்ட ஆரம்பித்தார். மனுக்காரருக்குக் காலை வேளையில் மனு எழுத நேரம் போதவில்லை.

ஒருநாள் அக்கா சமையல் அவசரத்தில் ஒரு வெள்ளித்தாளைப் பச்சை வாளியில் போட்டுவிட்டார். கவுன்சிலர் இடுக்கியால் அதைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்து நின்றார்.

“படிச்சவங்களே இப்படிப் பண்ணினா எப்படிம்மா?”

அந்த ஒரு நாள் மட்டும், அந்த வரியை எழுதாமல் இருந்திருக்கலாமோ என்று அக்காவுக்குத் தோன்றியது.

நகராட்சியின் குப்பை லாரி எப்போதும் மதியம்தான் வரும். அந்த நேரத்தில் எல்லோரும் வேலையில் இருப்பார்கள். வாளிகள் மட்டும் வாசலில் இருக்கும். ஒருநாள் என்ன காரணமோ, காலையில், கவுன்சிலரின் வாசலில் குப்பை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே லாரி தெருமுனையில் திரும்பியது. கவுன்சிலருக்கு முகம் மலர்ந்தது. ஏப்ரனை இழுத்துச் சரி செய்துகொண்டு, இரண்டு வாளியையும் இரண்டு கையில் எடுத்துக்கொண்டு, கூட்டம் வழிவிட, தானே போய்க் கொடுத்தார்.

லாரியில் நின்ற ஆள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கொட்டாவி முடிவதற்குள் பச்சை வாளியை வாங்கிக் கவிழ்த்தான். நீல வாளியை வாங்கி அதே இடத்தில் கவிழ்த்தான். இரண்டையும் தட்டிக் கீழே கொடுத்தான்.

“ஏய், ஏய்! என்ன பண்ற?”

“குப்பை போடறேன் சார்.”

“ரெண்டையும் ஒண்ணாவா?”

“வண்டிக்கு ஒரே வாய்தானே சார் இருக்கு.”

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். “தடுப்பு வச்ச வண்டி வரும்னு சொன்னாங்க சார். சொன்னவரு ரிட்டயர் ஆகிட்டாரு.”

கவுன்சிலர் லாரிக்குள் எட்டிப் பார்த்தார். அவர் காலையில் எழுந்து, ஒவ்வொன்றாக எடுத்து, கழுவ வேண்டியதைக் கழுவிப் பிரித்தது எல்லாம் மீண்டும் ஒரே கூழாகக் கிடந்தது. பின்னால் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. தையற்காரம்மா தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். மூன்று வாரமாகத் துணித் துண்டையும் நூலையும் தனித்தனியாகப் பிரித்தவர் அவர்.

அங்கேயே நின்று சுகாதார ஆய்வாளருக்குப் போன் போட்டார் கவுன்சிலர்.

“சார், அது இரண்டாம் கட்டம்,” என்றார் ஆய்வாளர்.

“அப்ப முதல் கட்டம்?”

“மக்கள் பிரிச்சுக் குடுக்கிறது.”

“இரண்டாம் கட்டம்?”

“நாம பிரிச்சு வாங்கிக்கிறது. அது பரிசீலனையில இருக்கு சார்.”

அந்தச் சொல்லை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். அவரிடம் யாரும் சொன்னதில்லை. காதில் விழுந்தபோது எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்குப் போய் முக்காலியை எடுத்து வந்தார். லாரிக்கு முன்னால் நடுத்தெருவில் போட்டு உட்கார்ந்தார். மனுக்காரர் மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் விரித்தார்.

தெரு அடைத்துக்கொண்டது. வெயில் ஏற ஏற லாரி தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. மூக்கைப் பிடித்தவர்கள்கூட நகரவில்லை. அரை மணியில் செய்தி எங்கெங்கோ போய், கட்சியின் மேலிடத்திலிருந்து போன் வந்தது.

“என்னய்யா இது? ஆட்சி நம்ம ஆட்சி. நீயே மறியல் பண்றியா?”

“மறியல் இல்லீங்க. சும்மா உக்காந்திருக்கேன்.”

“எங்க?”

“லாரிக்கு முன்னாடி.”

“அதுக்குப் பேர் என்னய்யா?”

கவுன்சிலர் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டார். “அவர் குப்பையில மும்முரமா இருக்காருங்க. முடிஞ்சதும் பேசச் சொல்றேன்,” என்று மரியாதையாகச் சொல்லி வைத்தார் அக்கா.

வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. வக்கீல் ஆபீசில் அக்கா டைப் அடித்துக்கொண்டிருந்த காலத்தில், யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் வழக்குக்காகச் சண்டை போட வந்த ஓர் இளைஞனுக்கு இப்படித்தான் காது சிவந்திருந்தது. பதவி வந்த பிறகு அவருக்குக் கோபமே வந்ததில்லை. ஆழ்ந்த வருத்தம் மட்டும்தான். அக்கா உள்ளே போய்க் காபி போட்டு எடுத்து வந்து, சர்க்கரை இல்லாமல்தான், அவர் கையில் கொடுத்துவிட்டு லாரியின் படியில் உட்கார்ந்துகொண்டார்.

ஆய்வாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். அன்றைக்குத்தான் கழுவியது போலிருந்த வெள்ளை ஜீப். அவரும் வெள்ளைச் சட்டை. டெண்டர், கோப்பு, ஒப்புதல் என்று நிதானமாக விளக்க ஆரம்பித்தார். தையற்காரம்மா அவர் பேசுவதைக் கேட்காமல் ஜீப்பைச் சுற்றி வந்து பின்பக்கக் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார்.

“ஐயா, உங்க ஜீப்புல பின்னாடி காலியாத்தானே இருக்கு?”

“ஆமா. ஏம்மா?”

தையற்காரம்மா பின்கதவைத் திறந்து, தன் பையை உள்ளே வைத்தார். “மட்குறது லாரியில. மட்காதது இதுல. ரெண்டு வண்டி ஆச்சு பாருங்க.”

அடுத்த நொடி ஆளாளுக்குத் தங்கள் வீட்டை நோக்கி ஓடினார்கள். பிளாஸ்டிக் குடம் வந்தது. கம்பி பிதுங்கிய குடை வந்தது. கையில்லாத பொம்மை, ஓடாத கடிகாரம், யாரோ ரொம்ப நாளாக எங்கே போடுவதென்று தெரியாமல் வைத்திருந்த ஒரு டிவிப் பெட்டி. மனுக்காரர் தன் நாற்காலியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொண்டுவந்தார்.

“சார், நீங்களாவது சொல்லுங்க சார்!” என்று அலறினார் ஆய்வாளர்.

கவுன்சிலர் எழுந்து வந்து ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றார். “சொல்றேன் சார்,” என்று கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “எல்லாரும் வரிசையில வாங்க! டப்பாவெல்லாம் கழுவினதுதானே? கழுவாததைச் சார் வண்டியில ஏத்தக் கூடாது, சொல்லிட்டேன்!”

ஆய்வாளர் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். பல்லைக் கடித்துக்கொண்டு யாருடனோ பேசினார். ஜீப்பின் முன் இருக்கைக்குக் குப்பை எட்டுவதற்குள் தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. சின்ன லாரி ஒன்று வந்தது. பல மாதங்களாகப் ‘பழுது’ என்று எழுதி நகராட்சிக் கொட்டகையில் நிறுத்தி வைத்திருந்த வண்டி அது. யாரும் ஓட்டாததைத் தவிர அதற்கு வேறு பழுது இருந்ததாகத் தெரியவில்லை.

“நாளையிலிருந்து ரெண்டும் வரும்,” என்றார் ஆய்வாளர். “என் ஜீப்பைக் காலி பண்ணிக் குடுங்க.”

காலி பண்ணிக் கொடுத்தார்கள். டிவிப் பெட்டிக்கு மட்டும் சொந்தக்காரர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

மறுநாள் இரண்டு லாரியும் வந்தன. அதற்கடுத்த நாளும் வந்தன. அந்த வாரக் கடைசியில் மேலிடம் கவுன்சிலரைக் கூப்பிட்டு அனுப்பியது. அவர் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார்.

“என்ன சொல்லப் போறீங்க?” என்றார் அக்கா.

“வேற என்ன, ஆழ்ந்த...”

“வேண்டாங்க.”

“சரி, வேண்டாம்.”

கட்சி அலுவலகத்தின் முன்னறையில் இன்னும் சிலர் காத்திருந்தார்கள். கவுன்சிலரைப் பார்த்ததும், துக்க வீட்டில் பார்ப்பது போலப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். உள்ளே அறையில் மேலிடம் பெரிய மேசைக்குப் பின்னால் இருந்தார். திட்டு வெளியே வரை கேட்டது. சொந்த ஆட்சியின் லாரியை மறித்த ஒரே ஆள் என்றார். குழுத் தலைவர் பதவிக்கு உன் பேரை வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன் என்றார். கவுன்சிலர், “சரிங்க” என்றார். வருத்தம் தெரிவிக்கவில்லை.

திட்டி முடிந்ததும் மேலிடம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார். திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, கவுன்சிலருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“உன் மடல் ஒண்ணு எப்படியோ எங்க வீட்டுக்கு வந்துடுச்சுய்யா. வீட்டுக்காரி படிச்சுட்டா. இப்ப அந்த வேலை என் தலையில.” சட்டைப் பையிலிருந்து காலியான மாத்திரை அட்டை ஒன்றை எடுத்தார். “இதைப் பாரு. ஒரு பக்கம் பிளாஸ்டிக்கு, ஒரு பக்கம் வெள்ளித்தாளு. காலையிலேருந்து இதுக்குத்தான் சண்டை. இதை எதுல போடறது?”

கவுன்சிலர் அட்டையை வாங்கினார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“முதல்ல ஒண்ணு சொல்லுங்க. இதுவரைக்கும் எதுல போட்டுக்கிட்டு இருந்தீங்க?”

விளக்கம் நெடுநேரம் நீண்டது. வெளியே காத்திருந்தவர்கள் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டுச் சத்தம் நின்று, தாழ்ப்பாள் விழுந்து, அப்புறம் கிசுகிசுவென்று பேச்சு, நடுநடுவே மேலிடத்தின் சிரிப்பு. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கவுன்சிலர் கதவைத் திறந்து வெளியே வந்தபோது அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் அவர் பையை வாங்கிக்கொண்டார். இன்னொருவர் கார்க் கதவைத் திறக்க ஓடினார்.

“என்ன தலைவரே, பெரிய பொறுப்பா?” என்றார் மூன்றாமவர், காதோரமாக.

“ரகசியம்,” என்று சொல்லிவிட்டுக் கவுன்சிலர் காரில் ஏறினார்.